கோட்டுப் பொத்தான் வைத்த பாஞ்சோ

பேருந்தில் முன் சீட்டுக்காரரின் காலர் மடிந்திருந்தால் உலகத்தில் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மடிப்பண்ணன் மட்டும் கையை நீட்டிச் சரிசெய்வார். ஒருமுறை அப்படிச் சரிசெய்யப்போய், அந்த ஆள் பிக்பாக்கெட் என்று கத்தி, பேருந்தே எழுந்து நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீடுவரை நடந்தே வந்தார். அடி விழாமல் தப்பித்தோமே என்ற நிம்மதிகூட அவருக்கு இல்லை. காலரின் இடது பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறதே என்றுதான் வழியெல்லாம் உறுத்தல்.

அவர் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி முதலாளி முதல் தெருமுனை டீக்கடை வரை எல்லாருக்கும் அவர் மடிப்பண்ணன். கடையின் பின்கட்டில் ஒரு ஸ்டீம் பிரஸ், அதன் முன்னால் இவர். காலால் மிதித்தால் மேல் பலகை இறங்கிப் புஸ்ஸென்று ஆவி விடும். சுவர் வியர்க்கும். நாள்காட்டித் தாள்கூடப் பிழியாத துண்டு மாதிரித் தொங்கும். தொங்குவதைப் பார்த்தால் மடிப்பண்ணனுக்குக் கை நமைச்சல் எடுக்கும். அதையும் நீவி விடுவார்.

"கட்டின பொண்டாட்டி முகத்துல சுருக்கம் விழுந்தா அதையும் மிதிச்சு அமுக்கிடுவீங்க போல," என்பாள் மனைவி.

"சூடு தாங்குவியா?" என்று கேட்பார் இவர். அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாக வரும்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பழைய பாஞ்சோ வந்து சேர்ந்ததுதான் கதை.

வாடிக்கையாளர் ஒருவர் கோட்டைக் கொடுத்துவிட்டு மறந்துபோக, அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகும் வழியில் நடந்தது அது. பழைய கிட்டார், வயலின் எல்லாம் பழுது பார்க்கும் கடை ஒன்று அங்கே உண்டு. நடத்துகிறவள் இவரைவிட வயதில் சின்னவள். பல் டாக்டர் மாதிரி நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே திரிவதால் டாக்டரம்மா என்று பெயர். கண்ணாடி ஜன்னலுக்குள்ளே தோல் கட்டிய வட்ட முகமும் நீளக் கழுத்துமாக ஒரு பாஞ்சோ தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்பண்ணனுக்கு வாத்தியத்தை அடையாளம் தெரியவில்லை. அதிலிருந்த பொத்தானைத் தெரிந்தது.

பாஞ்சோவில் நாலு கம்பி தலையிலிருந்து வரும். ஐந்தாவது மட்டும் ஒண்டுக்குடித்தனம் மாதிரிக் கழுத்தின் பாதியில் தனித் திருகு போட்டு உட்கார்ந்திருக்கும். அந்தத் திருகின் தலையில் பிடிக்குப் பதிலாக ஒரு பொத்தான். பழுப்புக் கொம்புப் பொத்தான், நாலு ஓட்டை, ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. கோட்டுக்கு வைப்பது. பொத்தானைப் பார்த்தால் எந்தக் கோட்டு, எந்த வருஷம் என்று சொல்லக்கூடிய மனிதருக்கு இதைச் சொல்வதா கஷ்டம்? லாண்டரியில் அநாதைப் பொத்தான்களைப் போட்டு வைக்கும் தகர டப்பாவிலிருந்து அதைப் பொறுக்கிக் கொடுத்தவரே அவர்தான்.

கேட்டு வந்தவர் அத்தான். அக்காவின் கணவர். பகலில் பஸ் கண்டக்டர், சாயங்காலங்களில் விருந்துகளுக்கு வாசிக்கும் குழுவில் பாஞ்சோ. "மச்சான், கோட்டு இல்லாத பொத்தான் ஒண்ணு குடு. பொத்தான் இல்லாத ஆளு ஒருத்தன் வீட்டுல இருக்கான்," என்று கேட்டார். பாஞ்சோவை எப்போதும் அவன் இவன் என்றுதான் சொல்வார்.

ஒருநாள் அத்தான் வாசிக்கப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வாத்தியம் மட்டும் பெட்டியில் பத்திரமாக வீடு திரும்பியது. அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். வீட்டைக் காலி செய்த நாளில், உடைந்த நாற்காலிகளோடு சேர்த்துப் பழைய சாமான்காரன் வண்டியில் அதையும் தூக்கிப் போட்டுவிட்டாள். வண்டி தெரு திரும்பியதும் பின்னாலேயே ஓடினாள். வண்டி கிடைக்கவில்லை. அந்த ஓட்டத்தை அவள் அப்புறம் நிறுத்தவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது வேறொரு ஊரில் மகளோடு இருக்கிறாள். தொலைபேசியில் எதைப் பேச ஆரம்பித்தாலும் அந்த வண்டியில் வந்துதான் முடிப்பாள்.

மடிப்பண்ணன் கோட்டும் தோளுமாகக் கடைக்குள் நுழைந்தார்.

"அந்தப் பொத்தான்..."

"அதை மட்டும்தாண்ணே நான் தொடல," என்றாள் டாக்டரம்மா. "ஒரு கிடங்குல நாற்காலிக்கு அடியில கிடந்துச்சு. கழுத்து கோணியிருந்துச்சு, நிமிர்த்தினேன். வளையம் விட்டிருந்துச்சு, ஒட்டினேன். கம்பி புதுசு. பொத்தான் ஒழுங்கா சுத்துச்சு. ஒழுங்கா வேலை செய்யறதுல நான் கை வைக்கமாட்டேன்."

"தோலு?"

"பழசுதான். கன்னுக்குட்டித் தோலு. துடைச்சு, நனைச்சு, மறுபடி கட்டினேன். இங்க பாருங்க, வாசிச்சவரு சுண்டுவிரலை ஊன்றி ஊன்றிக் கறுத்துப்போயிருக்கு. சுரண்டி எடுத்திருக்கலாம். மனசு வரல."

கம்பிகளுக்குக் கீழே, நகமளவு ஒரு கறை. கறை என்றால் எடுத்துத்தான் பழக்கம் மடிப்பண்ணனுக்கு. இதைத் தொடக்கூடத் துணியாமல் நின்றார்.

"நீங்க வாசிப்பீங்களா?"

"சட்டை தேய்ப்பேம்மா."

"அப்புறம் எதுக்கு?"

"அக்காவுக்கு."

விலையைப் பற்றி இங்கே பேசினால் அவர் மனைவி காதில் விழுந்துவிடும். விட்டுவிடுவோம். வாங்கினார், அவ்வளவுதான். கையில் கொடுக்கும்போது டாக்டரம்மா நெற்றிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேண்ணே. இது தோலு. காத்துல ஈரம் இருந்தா தளரும், காஞ்சா இறுகும். தளர்ந்தா தளரட்டும்னு விட்டுடுங்க. சுத்தி இருக்கு பாருங்க கொக்கி, அதுங்களை இறுக்கற சாவி இது. அவசரத்துக்குத்தான் தர்றேன். அவசரம் வராது."

மடிப்பண்ணன் தலையை ஆட்டினார். நல்ல பிள்ளையாகத்தான் ஆட்டினார்.

அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா? இருக்கியா?"

"தோல் அதேதானா?"

"அதேதான்."

"அவர் விரல் வைக்கிற இடம்? கறுப்பா இருக்குமே?"

"இருக்குக்கா. நான் பாத்தேன்."

"மழை விட்டதும் வர்றேன். பத்திரமா வை தம்பி. நான் வந்து அதுல ஒருதரம் விரல் வச்சுப் பாத்துக்கறேன். அது போதும் எனக்கு."

பத்திரமாக வைக்கச் சொன்னாள் அல்லவா? மடிப்பண்ணனுக்குத் தெரிந்த பத்திரம் ஒன்றுதான். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி விலை கேட்பாள். ஆகவே கடையின் பின்கட்டில், பட்டுச் சேலைகளும் கோட்டுகளும் வரிசையாகத் தொங்கும் கம்பியில், ஒரு ஹேங்கரில் மாட்டி, மேலே பாலிதீன் உறை போட்டு, டோக்கன்கூடக் குத்தி வைத்தார். பார்த்தால் கழுத்து நீண்ட ஒரு வாடிக்கையாளரின் உடுப்பு மாதிரியே இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் உறையைத் தூக்கிக் கட்டைவிரலால் கம்பிகளை ஒருமுறை வருடினார். தொப்பென்று கேட்டது. ஈரச் சாக்கைத் தட்டியது போல.

மடிப்பண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. அத்தானின் பாஞ்சோவை அவர் கேட்டதெல்லாம் விருந்துகளில்தான். கணீரென்று தெருக்கோடி வரை போகும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையை உதறிவிட்டு எழுந்து வருவார்கள். அந்தச் சத்தம் எங்கே, இது எங்கே? அக்கா இதற்காகவா மழை விட்டதும் வண்டி ஏறப் போகிறாள்? தோலை விரலால் அழுத்திப் பார்த்தார். தொளதொளவென்று உள்ளே போனது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் காலர் மடிந்திருக்கிறது. கை வேறு நமைச்சல் எடுக்கிறது. சட்டைப் பையில் சாவியும் இருக்கிறது. கொக்கிக்குக் கொக்கி ஒரு சின்னத் திருகு, அவ்வளவுதான் கொடுத்தார். சத்தம் கொஞ்சம் முகம் கழுவிக்கொண்ட மாதிரித் தெளிந்தது.

மறுநாள் உறையைத் தூக்கினால் பழையபடி தொப்.

மறுபடி ஒரு திருகு. அதற்கு மறுநாளும் தொப். "அத்தான் மாதிரியே இவனும் பிடிவாதக்காரன்," என்று சிரித்துக்கொண்டு இன்னொரு திருகு. இப்படியே போனது. பக்கத்தில் ஸ்டீம் பிரஸ் நாள் பூராவும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பாலிதீன் உறை அந்த மூச்சை உள்ளே வாங்கிப் பொத்திப் பொத்தி வைத்தது.

முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, வாத்தியத்துக்கும் இஸ்திரியா?"

"எத்தனை இழுத்தாலும் தோல் தொங்குது முதலாளி."

"உன் ரூம்ல கொஞ்ச நேரம் நின்னா நானே தொங்கிடறேன். அது என்ன பண்ணும் பாவம்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். காரணம் அத்தனை பெரிதாக வந்து வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறது. மடிப்பண்ணன் அதற்கு டோக்கன் போடவில்லை.

பிறகு பிரஸ்ஸுக்கு ஆவி தரும் பாய்லர் படுத்துக்கொண்டது. மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உதிரி பாகம் வர வேண்டும் என்று கையை விரித்தார். கடைக்குப் பூட்டு. மழையும் அந்த வாரம்தான் ஒரேயடியாக விட்டது. வெயில் கொளுத்தியது. தகரக் கூரைக்குக் கீழே பின்கட்டு காய்ந்தது. வியர்த்த சுவரெல்லாம் சுண்ணாம்பு உதிர்த்தது. மடிப்பண்ணன் வீட்டில் உட்கார்ந்து தலையணை உறைகளையும் கைக்குட்டைகளையும் தேய்த்துத் தள்ளினார். தேய்க்க ஒன்றும் மிஞ்சாதபோது செய்தித்தாளைத் தேய்த்தார்.

"சேதியெல்லாம் சுருக்கமில்லாம இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

அக்கா கூப்பிட்டு, வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். குரலில் பழைய சாமான்காரன் வரவே இல்லை. அந்த ஓட்டம் முதன்முறையாக எங்கோ நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கடை திறந்த காலை, விளக்கைக்கூடப் போடாமல் மடிப்பண்ணன் நேராக ஹேங்கருக்குப் போனார். உறையைத் தூக்கினார். தோல் கிழிந்திருந்தது. ஓரத்தில் ஆரம்பித்து, கம்பிகளுக்கு அடியில் நுழைந்து, அந்தக் கறுத்த இடத்தை நட்ட நடுவில் வகுந்துகொண்டு போயிருந்தது. இரண்டு உதடுகளும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. அது கிழிந்தபோது சத்தம் பெரிதாகத்தான் வந்திருக்கும். கேட்கக் கோட்டுகள் மட்டும்தான் இருந்தன.

சுருண்ட ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் நீவியவர். அது மறுபடி சுருண்டுகொண்டது.

டாக்டரம்மா கையில் வாங்கிக் கொக்கிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தினமும் திருகினீங்களா?"

"கொஞ்சம்மா. ரொம்பக் கொஞ்சம்."

"எங்க வச்சிருந்தீங்க?"

"கடைலதான். பின்கட்டுல. உறை போட்டு..."

அவள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அதை அவள் கழற்றி யாரும் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் மடிப்பண்ணனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஊறப் போட்டு இறுக்கியிருக்கீங்கண்ணே. காய்ஞ்சப்போ அது எங்க போகும்?"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. புதுத் துணியை நனைத்து ஈரத்தோடு அளவெடுத்தால் காய்ந்தபின் என்ன ஆகும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவர் அவர். எத்தனை மாப்பிள்ளைக் கோட்டுகளை அப்படி முழங்கைவரை சுருங்கிப்போகாமல் காப்பாற்றியிருக்கிறார்!

வேறு தோல் வரவழைக்க நாளாகும் என்றாள் டாக்டரம்மா. அக்கா மறுநாளே வருகிறாள். ஆகவே பிளாஸ்டிக்கில் ஒன்று போட்டுத் தந்தாள். பால் வெள்ளை, புதுத் தட்டு மாதிரி. "சத்தம் நல்லா வரும்," என்றாள். அவளுக்கே அதில் சந்தோஷமில்லை. மடிப்பண்ணன் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கிழிந்த தோலைக் கேட்டு வாங்கி, புதுச் சட்டை வரும் அட்டைப் பெட்டியில், சட்டைக்குள் வைக்கும் அட்டைகள் இரண்டுக்கு நடுவே படுக்க வைத்தார்.

அக்கா வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல், கை கால் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "கொண்டாடா."

பாஞ்சோவை அவள் மடியில் வைத்தார். மனைவி கதவோரம் நின்றாள். விலை கேட்கும் முகம் அன்றைக்கு அவளுக்கும் இல்லை.

அக்கா முதலில் பொத்தானைத் தொட்டாள். சிரித்தாள். பிறகு ஆள்காட்டி விரல் கம்பிகளுக்குக் கீழே போனது. வெள்ளையில் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். இருட்டில் சாவித் துவாரம் தேடுகிற மாதிரி.

"எங்கடா?"

"சுத்தம் பண்ணாங்கக்கா. அதுல போயிடுச்சு."

"ஃபோன்ல இருக்குன்னியே?"

"அப்ப இருந்துச்சு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் இவர் உடைத்த ஒவ்வொரு தம்ளருக்கும் அவள் இப்படித்தான் பார்ப்பாள், அம்மாவிடம் சொல்லமாட்டாள். "தம்பி. கறை எடுக்கறவன் நீ. கறை எப்படிப் போகும்னு எனக்குச் சொல்லாத."

மடிப்பண்ணன் உள்ளே போய்ச் சட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், ஹேங்கர், உறை, சாவி, பாய்லர், எல்லாம். சொல்லும்போது அவர் கை கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தது. மனைவி வந்து அந்தக் கையைப் பிடித்து எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா கிழிந்த இரண்டு ஓரங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். கறை இருந்தது. பாதி இங்கே, பாதி அங்கே.

"எதுக்குடா இறுக்கின?"

"அத்தான் சத்தம் வரலக்கா. கணீர்னு இருக்குமே? இது தொப்பு தொப்புன்னு..."

அக்காவின் கை அப்படியே நின்றது.

"தொப்புன்னா? எப்படி?"

"ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி."

"அந்தக் கணீரு வெளியில வாசிக்கற சத்தம்டா," என்றாள் அக்கா மெதுவாக. "விருந்துக்குப் போனா இறுக்குவாரு. வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் தளர்த்திட்டுத்தான் உக்காருவாரு. காலையில பாப்பா தூங்குவா, எழுந்துடக் கூடாதுன்னு அந்தத் தொங்கற தோல்லயேதான் வாசிப்பாரு. தொப்பு தொப்புன்னு யாரோ கதவைத் தட்டற மாதிரியே இருக்கும். நான் அடுப்படியிலேருந்து யாருன்னு கேப்பேன். 'நான்தான், வேற யாரு வரணும்?'னு சொல்வாரு. தினமும் அதே கேள்வி, அதே பதிலு. ஒருநாளும் அலுக்கல."

சட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எத்தனை நாள்டா அந்தச் சத்தம் வந்துச்சு?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு நாளும் அது வந்து கதவைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் இவர் சாவி போட்டுச் சாத்தியிருக்கிறார்.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சாவியை இரவல் வாங்கிவந்து பிளாஸ்டிக்கைத் தளர்த்திப் பார்த்தார். கடகடவென்று உதறல்தான் வந்தது. இன்னும் தளர்த்தினார். கம்பியே தொய்ந்து ஊமையானது. "விடு தம்பி. அது அப்படிப் பேசாது," என்றாள் அக்கா. அன்று மதியம் அவளே அவருக்குச் சோறு போட்டாள். அவரால்தான் சாப்பிட முடியவில்லை.

ஊருக்குப் போகும்போது சட்டைப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பாஞ்சோ இவரிடமே தங்கிவிட்டது. இப்போது அது வீட்டில், ஆவி படாத சுவரில் இருக்கிறது. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கிறார். கழுத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். பொத்தானை லேசாகச் சுற்றிப் பார்க்கிறார், இறுக்க இல்லை, சுற்றுகிறதா என்று. சுவரில் கொஞ்சம் கோணலாகத்தான் தொங்குகிறது. நேராக்கவில்லை. அதற்கு அவர் படுகிற பாடு மனைவிக்குத் தெரியும். அவளும் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரியே பெருக்குவாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை அக்கா கூப்பிட்டாள்.

"இங்க நல்ல மழை. பெட்டியைத் திறந்தேன். தோல் மெத்துன்னு ஆயிருக்கு, உயிரோட இருக்கற மாதிரி. உன் பக்கம்?"

"இங்கயும் மழைதான்க்கா."

"அவன் எப்படி இருக்கான்?"

மடிப்பண்ணன் சுவரைப் பார்த்தார். வெள்ளை வட்டம் விறைப்பாக, அப்படியே இருந்தது. "இவனுக்கு மழை தெரியாதுக்கா."

"எங்க, ஒருதரம் தட்டு. கேக்கறேன்."

ஃபோனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் வருடினார். கணீரென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், தெருக்கோடி வரை போனது சத்தம்.

"நல்லா இருக்கு தம்பி," என்றாள் அக்கா, வந்த விருந்தாளியிடம் சொல்வது போல.